நின்ன சாமான்

கொக்கிக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். காது சிவந்ததைப் பார்த்ததும் பழைய வண்டிகளைப் பிரிக்கும் யார்டில் இருப்பவர்கள் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். விவரம் தெரியாத புது ஆள் ஒருவன் ஒருநாள், "என்னண்ணே, காதுல ஏதாவது கடிச்சிருச்சா?" என்று அக்கறையாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். அவனுக்கு முன்பல் இரண்டு போயிற்று. மறுநாள் அவன் வீட்டுக்கே போய், பழம் வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுதவனும் இதே கொக்கிதான். அடிப்பதும் அவனே, அழுவதும் அவனே என்றால் மற்றவர்கள் என்னதான் செய்வார்கள்? சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

விபத்தில் நசுங்கிய வண்டிகளை லாரியில் மாட்டி இழுத்துக்கொண்டு வருவது அவன் வேலை. லாரிக்குப் பின்னால் தொங்கும் இரும்புக் கொக்கியே அவனுக்குப் பெயராகிவிட்டது. அவன் இழுத்து வரும் வண்டிகளைப் பிரித்துப் போட்டு விற்பவன் அவனுடைய அண்ணன். எதையும் எடை போடாமல் பேசமாட்டான், அதனால் அவனுக்குப் பெயர் தராசு. கொக்கியின் பெண்டாட்டி, கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறையில் மிஷினில் உட்காருகிறவள். அவளுக்கு யார்டில் ஊசி என்று பெயர். "ஒண்ணு மாட்டுது, ஒண்ணு குத்துது. ரெண்டுக்கும் நடுவுல நான் வந்து உக்காந்திருக்கேன் பாரு" என்று தராசு தலையில் அடித்துக்கொள்வான்.

யார்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் தனியாக ஓர் அலமாரி உண்டு. அதற்கு 'நின்ன சாமான்' என்று பெயர். உருத்தெரியாமல் போன வண்டியிலிருந்து கீறல் விழாமல் வெளியே வந்த பொருளை மற்ற சாமான்களோடு கலக்கமாட்டார்கள். அந்த அலமாரியில்தான் வைப்பார்கள். ஜாக்கி, ஆக்சில், கண்ணாடி, ஹார்ன், எதுவானாலும் சரி. அடி வாங்கியும் நின்றது, இனி எதற்கும் அசையாது என்பது யார்டின் நம்பிக்கை. லாரிக்காரர்கள் புதுசை விட்டுவிட்டு, "நின்ன சாமான் இருக்கா?" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். கொக்கி அந்த அலமாரியைச் செருப்போடு நெருங்கமாட்டான்.

பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆனதும் ஊசி மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. கொக்கி இரண்டு உடைந்த வண்டிகளை ஒட்டி ஒரு கார் செய்து வைத்திருந்தான். முன்பக்கம் சிவப்பு, கதவெல்லாம் வெள்ளை. தினமும் காலையில் அந்தக் காரில் மூவரும் போவார்கள். ஊசி பின்சீட்டில் பாப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போங்க" என்பாள். "வாயை மூடு. எனக்குத் தெரியும்" என்பான் அவன். தினப்படி பேச்சு இவ்வளவுதான்.

அவள் தைக்கிற பட்டறைக்கு வரும் வண்டிகளில் சிலவற்றின் பின்சீட்டில் கறை இருக்கும். என்ன கறை என்று யாரும் கேட்பதில்லை, உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுசு தைப்பார்கள். அப்படி ஒரு சீட்டைக் கிழித்த அன்று ஊசி வீட்டுக்கு வந்து, பிள்ளைக்கென்று தனிச் சீட்டு வாங்காமல் இனி காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இருப்பதிலேயே நல்ல சீட்டாக வேண்டும் என்றும் சொன்னாள். கொக்கிக்கும் அதில் மறுப்பில்லை. மகள் என்றால் அவனுக்கு உயிர்.

பிள்ளைகள் சாமான் விற்கும் ஷோரூமில் கண்ணாடி மாதிரித் தரை. கொக்கியின் செருப்பிலிருந்து துருப்பொடி உதிர்ந்தது. விற்கிற பெண் நல்ல மாதிரி. சிரித்த முகத்தோடு ஒரு சாம்பல் நிறச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது ரெண்டு விதமாவும் போடலாம் சார். சின்னப் பிள்ளையா இருக்கறப்ப பின்பக்கம் பாத்து உக்காரும். வளந்ததும் திருப்பி முன்பக்கம் பாத்து வெச்சுக்கலாம். ஒரே சீட்டு, ரொம்ப வருசம் வரும்."

"பின்பக்கம் பாத்தா? அப்போ என் பொண்ணு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டா வரணும்?"

"அதுதான் சார் நல்லது. வண்டி மோதினா கழுத்து தாங்காது. பின்பக்கம் பாத்திருந்தா முதுகு முழுக்கச் சீட்டு தாங்கிக்கும்."

"இடிச்சுப் பாத்தீங்களா?"

"கம்பெனில டெஸ்ட் பண்ணிருக்காங்க சார்."

"நீ பாத்தியாம்மா? கண்ணால?"

அவள் திருதிருவென்று விழித்தாள். ஊசி அவன் சட்டையை இழுத்து, "அந்தப் பொண்ணுகிட்ட ஏங்க வம்பு பண்றீங்க. பக்கிள் எப்படிப் போடணும்னு காட்டச் சொல்லுங்க" என்றாள். அப்போதுதான் டை கட்டிய ஒருவன் வந்தான். கொக்கியின் செருப்பைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான்.

"சார், உங்களுக்குச் சாதா சீட்டு அந்தப் பக்கம் இருக்கு. இதெல்லாம் கொஞ்சம் பிரீமியம்."

அவ்வளவுதான், காது சிவந்தது. ஊசி, "வாங்க, போயிடலாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் சீட்டு அவன் தலைக்கு மேலே போயிருந்தது. கண்ணாடி அலமாரிமேல் ஓங்கி அடித்தான். கண்ணாடி சலசலவென்று கொட்டியது. டைக்காரனின் டையைச் சுருட்டிப் பிடித்து அவன் முகத்தை மேசையில் இரண்டு முறை மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் மேசையில் வழிந்தது. காவலாளிகள் கொக்கியைத் தரதரவென்று இழுத்துப் போகும்போது, சிதறிக் கிடந்த கண்ணாடிக்கு நடுவே அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஏய், ஒண்ணும் ஆகல பாரு! நல்ல சாமான்தான்டீ!" என்று கத்தினான். ஊசிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் தராசு போய்க் காலில் விழாத குறையாகப் பேசிக் காரியத்தை முடித்தான்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு மாலையில் கொக்கி வீட்டுக்கு வந்தபோது தோளில் ஒரு சீட்டு இருந்தது. அதே சாம்பல் நிறம், ஷோரூமில் பார்த்த அதே மாதிரிச் சீட்டு. முகத்தைக் கழுவக்கூட இல்லை. சட்டை முழுக்க ரத்தம்.

"யாரை அடிச்சீங்க?" என்றாள் ஊசி, முதல் கேள்வியாக.

"யாரையும் அடிக்கலடீ. உக்காரு, சொல்றேன்." அவன் தரையில் உட்கார்ந்தான். "பெரிய வண்டி. கல்லு ஏத்துன லாரிக்கு அடியில போயிருச்சு. முன்னாடி ஒண்ணுமே இல்ல. வண்டியை வெட்டித்தான் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் எடுத்தோம். பின்னாடி இந்தச் சீட்டு. அதுல ஒரு பிள்ளை. நம்ம பாப்பாவவிடக் கொஞ்சம் பெருசு. ஒரு கீறல் இல்லடீ. என்னைப் பாத்துக் கையை நீட்டுச்சு. நான்தான் தூக்கினேன். இந்தச் சட்டையத்தான் பிடிச்சுக்கிச்சு, விடவே மாட்டேன்னுச்சு."

ஊசி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். அவன் தேம்பித் தேம்பி அழுதான். அந்த நேரத்தில் அவன்மேல் அவளுக்கு அத்தனை பிரியம் இருந்தது.

அழுது ஓய்ந்ததும், "அண்ணன் இதை நின்ன சாமான்ல வெக்கலாம்னான். என் பொண்ணுக்குன்னு சொல்லித் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றான்.

"செத்தவங்க வண்டில இருந்ததுங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"செத்தவங்க உக்காந்தது முன்னாடி. இதுல உக்காந்தது பொழைச்சுது. அந்த டை கட்டின பய விக்கிறானே, அது எதையாவது தாங்குச்சா? சும்மா டப்பாவுக்குள்ள இருந்தது. இது தாங்கிருக்கு. என் கண்ணால பாத்தேன். இதுக்கு மேல என்னடீ பிரீமியம்?"

யார்டு வீட்டில் வாழ்க்கைப்பட்டு அதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. உறையைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, ஷோரூம் பெண் சொன்னபடி பின்பக்கம் பார்த்து மாட்டினாள். பாப்பா கால்களை மடக்கிக்கொண்டு பின்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தது. கொக்கிக்கு அது பொறுக்கவில்லை. கண்ணாடியில் மகள் முகம் தெரியவில்லை என்று முனகிக்கொண்டே இருந்தவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் சீட்டைத் திருப்பி மாட்டிவிட்டான்.

"என் பொண்ணு உலகத்தை நேருக்கு நேராப் பாக்கட்டும். நான் ஓட்டுற அழகையும் பாக்கட்டும்."

"கழுத்து தாங்காதுன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே."

"அவ சொன்னது டப்பா சீட்டுக்கு. இது நின்ன சீட்டு."

அவன் ஓட்டுகிற அழகைப் பாப்பா சீக்கிரமே பார்த்தது.

அன்று காலை அனல் காற்று. மேம்பாலத்து இறக்கத்தில் ஒரு வெள்ளை வண்டிக்காரன் குறுக்கே புகுந்து போனான். போனவன் சும்மா போகாமல் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஏதோ காட்டினான். ஊசி முதலில் பார்த்தது முன்னால் இருந்த கொக்கியின் காதைத்தான். சிவந்திருந்தது.

"வேணாங்க. பாப்பா இருக்கா."

அவன் காதில் விழவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தான். வெள்ளை வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது, இவனும் ஒதுங்கினான். அது வேகம் எடுத்தது, இவனும் எடுத்தான். சிக்னலில் நின்ற வண்டியின் பின்பக்கத்தில் பம்பரைக் கொண்டுபோய் மோதினான். பாப்பாவின் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அவள் பிள்ளையின் நெற்றியைத் தடவுவதற்குள் அவன் சீட்டுக்கடியில் இருந்த வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

அந்த ஆளைச் சட்டையோடு வெளியே இழுத்துப் போட்டான். முதல் அடி முழங்கையில். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் காருக்குள்ளேயே கேட்டது. இரண்டாவது அடி விலாவில். அந்த ஆள் கீழே விழுந்து, உடைந்த கையைத் தூக்க முடியாமல் மற்றக் கையால் தலையை மூடிக்கொண்டு, "அண்ணே, தெரியாமப் பண்ணிட்டேன்ணே, அண்ணே" என்று அலறினான். கொக்கி மிதித்துக்கொண்டே இருந்தான். நாலு பேர் சேர்ந்து பிடித்து இழுத்துத்தான் அவனை நிறுத்தினார்கள். ஊசி பாப்பாவின் கண்ணை மூடப் போனாள். பாப்பா அவள் கையைத் தட்டிவிட்டுவிட்டு, கண்ணைக் கொட்டாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கக்கியது. உறை முழுக்கப் பால்.

இந்த முறையும் தராசுதான் போய்ப் பேசி, காசைக் கொடுத்து அவனை மீட்டு வந்தான். அன்று சாயங்காலம் சமையல்கட்டில் ஊசி குனிந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பாப்பா தத்தித் தத்தி வந்தது. கையில் ஒரு கரண்டி. அதைத் தலைக்கு மேலே தூக்கி, அம்மாவின் முழங்கையில் ஓங்கி ஒரு அடி அடித்தது. சின்ன அடிதான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பாப்பா, "ண்ணே, ண்ணே" என்று சொல்லிச் சிரித்தது. கூடத்திலிருந்து கொக்கி அதைப் பார்த்துவிட்டு, "அடி சக்க! என் ரத்தம்டா!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

ஊசி சிரிக்கவில்லை. கையிலிருந்த முட்டை நசுங்கிப் போனது.

மறுநாள் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு, உறையைத் துவைப்பதற்காகச் சீட்டையே பட்டறைக்குத் தூக்கிப் போனாள். அங்கே துணி வெட்டுகிற மேசையில் இருக்கும் மாஸ்டர் அவளிடம் அண்ணன் போலப் பேசுவார், ஓயாத வாய். அவர் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவதைப் பார்த்தால் புதிதாக வந்தவர்கள் தள்ளிப்போய் நிற்பார்கள்.

"என்னம்மா, பொண்ணோட சிம்மாசனத்தையே தூக்கிட்டு வந்துட்ட?"

"கக்கி வெச்சிருக்காண்ணே. உறையைக் கழட்டணும்."

உறையைக் கழட்டி முடித்தபோது அவள் கை நின்றது. பெல்ட்டைச் சீட்டோடு சேர்க்கிற இடத்தில் மூன்று வரிசைத் தையல் இருந்தது. நடு வரிசை அறுந்திருந்தது. நூல் நைந்து அறுந்தால் எப்படி இருக்கும், ஒரே இழுப்பில் தெறித்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது தெறித்தது. முதுகுப் பக்கத்து தெர்மாகோல், தலை வைக்கிற இடத்தில் அமுங்கிக் குழி விழுந்திருந்தது. அதையும் எடுத்தாள். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஓட்டில், பெல்ட் நுழையும் துளையிலிருந்து குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

"மாஸ்டர், இங்க வாங்களேன்."

அவர் ஊசிகளைத் துப்பிவிட்டு வந்து குனிந்தார். விரலால் கோட்டைத் தடவினார்.

"பள்ளிக்கூடத்து ஸ்கேலை வளைச்சா இப்படித்தான் வெளுக்கும். இன்னொரு வளைப்பு வளைச்சா பட்டுனு போயிடும். இது எங்கயாச்சும் மோதின வண்டில இருந்ததாம்மா?"

"ஆமா."

"யார்டு சாமானா? கொண்டா, தூக்கிப் போட்டுடலாம்."

"தாங்கிருக்குண்ணே. ஒரு பிள்ளையைக் காப்பாத்திருக்கு."

"அதான்மா அதோட வேலை முடிஞ்சுதே. முழு அடியும் இது வாங்கிக்கிச்சு. மேல பாத்தாப் புதுசு மாதிரி இருக்கு, உள்ள ஒண்ணுமில்ல."

ஊசி அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய இடது தோள்பட்டை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டிருக்கும். பாப்பா பிறந்த வருடம் கொக்கி அவளைக் கதவில் மோதியதில் வந்தது அது. ஒரே ஒரு தடவைதான். அழுதான், காலைப் பிடித்தான். பொண்டாட்டி என்றால் இப்படி இருக்கணும், அசையாம நின்னா பாரு என்று தராசுகூடச் சொன்னான். அவளும் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் கழித்து, துணிக்குப்பைக்கு நடுவே நின்றுகொண்டு, அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

உறையைத் திரும்ப மாட்டவில்லை. எலும்புக்கூடாக இருந்த சீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் பாப்பாவோடு, ஆட்டோ பிடித்து யார்டுக்குப் போனாள். நல்ல மத்தியானம். துருப்பொடி காற்றில் பறந்து கண்ணில் விழுந்தது. கொக்கி லாரிக்கடியில் படுத்திருந்தான், தராசு எடை மிஷின் பக்கத்தில் நின்று யாரோடோ கத்திக்கொண்டிருந்தான். அவள் பாப்பாவை ஆபீஸ் அறையில் தராசின் பெண்டாட்டியிடம் கொடுத்தாள். "வெளிய விடாதீங்கக்கா. ஜன்னலைச் சாத்திக்கோங்க" என்றாள்.

"ஏன்டீ, என்னாச்சு? மூஞ்சியே சரியில்ல."

"ஒண்ணுமில்லக்கா."

சீட்டைக் கொண்டுபோய் லாரிக்குப் பக்கத்தில் தொப்பென்று போட்டாள். கொக்கி தலையை நீட்டினான்.

"ஏய், அதை ஏன்டீ உரிச்சு வெச்சிருக்க?"

"வெளிய வந்து பாருங்க. கோடு விழுந்திருக்கு. தையல் தெறிச்சிருக்கு. இது வேணாம்."

"என்ன கோடு? எங்க?" அவன் பார்த்தான். "இது கீறல்டீ. பிளாஸ்டிக்னா வெளுக்காதா?"

"ஒரு தடவை தாங்கினது மறுபடி தாங்காதுங்க."

"யாரு சொன்னா? அந்த ஊசி திங்கிற மாஸ்டரா?" அவன் எழுந்து நின்றான். "அவன் யாருடீ என் பொண்ணு சீட்டைப் பத்திப் பேச? எத்தனை வண்டி இழுத்திருக்கான் அவன்? செத்தவங்களைத் தூக்கிருக்கானா? அந்தப் பிள்ளையை நான் தூக்கினேன். இந்தக் கையால!"

"அதை நான் இல்லைனு சொல்லலையே."

"பின்ன? நான் என் பொண்ணைக் கொல்லப் பாக்கறேன்னு சொல்றியா?"

"நேத்து கொஞ்சம் தவறியிருந்தா கொன்னிருப்பீங்க."

காது சிவந்தது. இரும்பு வெட்டும் கேஸ் கட்டர் பிடித்திருந்தவர்கள் நெருப்பை அணைத்துவிட்டு நழுவினார்கள். தராசு ஓடி வந்து நடுவில் நின்றான். "டேய், கையை நீட்டாத. தாயீ, நீ கொஞ்சம் வாயை மூடு" என்றான். கொக்கி அண்ணனை மார்பில் குத்தித் தள்ளினான். தராசு ரேடியேட்டர் குவியலில் போய் விழுந்தான், உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. ஊசி பின்வாங்கவில்லை. அடிக்கிறதானால் அடிக்கட்டும் என்று தோளை நிமிர்த்தி நின்றாள். அவன் கையை ஓங்கினான். அவள் கண்ணை மூடவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்று, பக்கத்தில் இருந்த கார் கதவில் இறங்கியது. கண்ணாடி உடைந்தது.

"உனக்கு நிரூபிச்சாத்தானே ஆகணும்? வா. இப்பவே காட்டறேன்."

அவன் சீட்டைத் தன் காரின் பின்னால் முன்பக்கம் பார்த்து மாட்டினான். மூலையில் கிடந்த மணல் மூட்டையை இழுத்து வந்தான். "எவ்வளவு இருப்பா பாப்பா? நீயே சொல்லு, அப்புறம் ஏமாத்திட்டேன்னு சொல்லாத" என்றான். ஊசி மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கனம் அதிகம். வாயைப் பிரித்துக் கொஞ்சம் மணலைக் கொட்டினாள். மறுபடி இடுப்பில் வைத்தாள். இன்னும் கொஞ்சம் கொட்டினாள். பிள்ளையின் கனம் இடுப்பில் சரியாக வந்து உட்கார்ந்ததும் கொட்டுவதை நிறுத்தினாள். கட்டிக் கொடுத்தாள். அவனே பெல்ட் போட்டான். மூட்டையின் வயிற்றைத் தட்டிக் கொடுத்து, "பயப்படாதடா கண்ணு" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான்.

"டேய், வேணாம்டா. வண்டி போயிரும்டா" என்று தராசு கையில் துணியைச் சுற்றிக்கொண்டே கத்தினான். யார் கேட்கிறார்கள்?

யார்டின் கோடியில் பழைய டயர்களை மதில்போல அடுக்கியிருந்தார்கள். கொக்கி காரைப் பின்னுக்கு எடுத்தான். பெல்ட் போட்டுக்கொண்டான், அந்தப் புத்தி மட்டும் இருந்தது. சிவப்பு முன்பக்கம் உறுமிக்கொண்டு போய் டயர்களில் பாய்ந்தது. டயர்கள் சரிந்து பானெட் மேல் உருண்டன. புழுதி அடங்கியபோது கொக்கி கதவை உதைத்துத் திறந்து இறங்கினான். நெற்றி ஸ்டீயரிங்கில் இடித்துக் கிழிந்திருந்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லாமல் பின்கதவைத் திறந்து காட்டினான்.

சீட்டு அப்படியே இருந்தது. மூட்டையும் அப்படியே இருந்தது.

"நின்னுச்சா? நின்னுச்சாடீ? சொல்லு! டேய் அண்ணா, பாத்தியா! எல்லாரும் வாங்கடா, வந்து பாருங்க!" அவன் குதித்தான். ரத்தம் பல்லில் வழிய வழியச் சிரித்தான். நழுவிப் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருவன் விசில்கூட அடித்தான்.

ஊசி பின்கதவுப் பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். வெள்ளைக் கோடு துளையிலிருந்து ஓட்டின் மறுகரை வரைக்கும் போயிருந்தது. அவள் அதைக் காட்டியிருக்கலாம். தராசையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டினால் இவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். நின்னுச்சுல்ல என்பான். நாளைக் காலையில் பாப்பாவைத் தூக்கி இதே சீட்டில் வைப்பான்.

"இன்னொரு தடவை இடிங்க" என்றாள்.

சிரிப்பு நின்றது. "என்னது?"

"இன்னொரு தடவை. டயர்ல இல்ல. டயர்ல மோதினா யாருக்கு என்ன ஆகும். அங்க." பழைய எடைமேடையின் கான்கிரீட் திண்டைக் காட்டினாள்.

"அம்மாடி, உனக்கும் பைத்தியமா?" என்று தராசு அலறினான். "செத்துருவான்மா!"

அவள் தராசின் பக்கம் திரும்பவே இல்லை. செத்தால் சாகட்டும் என்றுதான் அந்த நேரத்தில் அவள் நினைத்தாள். மனசறிந்துதான் நினைத்தாள். "நின்ன சாமான்தானே. நிக்கும்ல? இல்ல, பயமா?" என்று கேட்டாள்.

கொக்கியிடம் பயமா என்று கேட்டவர்கள் யாரும் இல்லை. அவன் அவளையே பார்த்தான். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். சாத்த வராமல் இரண்டு முறை அறைந்தான். ரேடியேட்டர் ஒழுகி ஆவி கிளம்பிக்கொண்டிருந்த வண்டியைக் கேட் வரைக்கும் பின்னுக்குக் கொண்டுபோனான்.

இந்த முறை சத்தம் வேறு மாதிரி இருந்தது. வண்டியின் முன்பக்கம் முழுசும் உள்ளே போனது. இரண்டு வண்டிகளை ஒட்டிய இடத்தில் வெல்டிங் விட்டு, நடுவில் வாய் பிளந்தது. அதற்குள்ளேயே பட் என்று ஒரு சத்தம். அது ஊசிக்கு மட்டும் தனியாகக் கேட்டது. ஆபீஸ் அறையில் பாப்பா வீறிட்டு அழும் குரலும் கேட்டது.

முதலில் ஓடியவள் அவள்தான். சாகட்டும் என்று நினைத்தவளும் அவள்தான். கதவு வரவில்லை. கட்டர்காரன் ஒருவன் கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினான்.

கொக்கிக்கு உயிர் இருந்தது. பெல்ட் அழுத்தியதில் காறை எலும்பு முறிந்து தோலுக்கடியில் துருத்திக்கொண்டிருந்தது. மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆனால் அவன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. சீட்டு குறுக்கே இரண்டாகப் பிளந்து, மேல்பாதி பெல்ட்டோடு சேர்ந்து முன்னால் பறந்து, முன்கண்ணாடியில் அடித்து விழுந்திருந்தது. மூட்டை கிழிந்து அவன் மடியில் கிடந்தது. மணல் அவன் தொடைகள் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் ஒரு கையால் கிழிசலைப் பொத்தினான். இன்னொரு கை எழவில்லை. பொத்தப் பொத்த மணல் விரலிடுக்கில் கொட்டியது.

"பாப்பா எங்கடீ?" என்றான்.

"இங்க இல்ல."

"பாப்பா எங்க? நான் பிடிச்சேன்டீ. பிடிக்க முடியல. பாப்பா எங்க?"

"அக்காகிட்ட இருக்கா. நல்லாருக்கா. இது மணலுங்க."

அவனுக்கு அது விளங்கச் சற்று நேரம் ஆயிற்று. விளங்கியதும் வாயைப் பிளந்து ஒரு ஓலம் போட்டான். செத்த வண்டிகளை எத்தனையோ இழுத்து வந்த ஆள் அப்படி ஓலமிட்டு யார்டில் யாரும் கேட்டதில்லை. தராசு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யாராவது வண்டியை எடுங்கடா! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்!" என்று யாரோ கத்தினார்கள். எடுக்கிற ஆள்தான் இல்லை. தராசின் கை கிழிந்திருந்தது, கட்டர்காரர்களுக்கு ஓட்டத் தெரியாது. பட்டறையில் சீட்டு மாற்ற வரும் வண்டிகளை உள்ளே விடுவதும் வெளியே எடுப்பதும் ஊசிதான். லைசென்சும் வைத்திருந்தாள். கட்டிய நாளிலிருந்து கொக்கி மட்டும் அவளை ஸ்டீயரிங்கைத் தொடவிட்டதில்லை.

"சாவியைக் குடுங்க மாமா" என்று தராசிடம் கையை நீட்டினாள். தராசு தன் வேனின் சாவியைக் கொடுத்தான்.

கொக்கியைத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்தார்கள். அவள் அவனுக்குப் பெல்ட் போட்டுவிட்டாள், முறிந்த எலும்பில் படாமல் தன் துப்பட்டாவை மடித்து இடையில் வைத்தாள். பாப்பாவை அக்காவிடமே விட்டாள். வேன் கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறியது. அனல் காற்று இன்னும் அடங்கவில்லை. மேம்பாலத்து ஏற்றத்தில் ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு குறுக்கே புகுந்து போனது. ஊசி பிரேக்கைத் தொட்டு அதற்கு வழி விட்டாள். கொக்கியின் நல்ல கை டேஷ்போர்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவன் காதுகள் வெளுத்துப் போயிருந்தன.

"மெதுவா போ" என்றான்.

அவள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"மெதுவாடீ. பயமா இருக்கு."

"தெரியுது" என்றாள் அவள். பிறகு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பாப்பாவும் நானும் இனி உங்க வண்டில ஏற மாட்டோம். உங்க வீட்டுக்கும் வரமாட்டோம். ஆஸ்பத்திரில சேத்துட்டு நான் போறேன்."

கொக்கி டேஷ்போர்டிலிருந்து கையை எடுத்தான். மடியில் ஒட்டியிருந்த மணலை ஒற்றைக் கையால் கூட்டிக் கூட்டி ஒரு இடத்தில் சேர்த்துக்கொண்டே வந்தான்.